பதினோரு மணிக்குப் பால் கட்டும்

ராத்திரி பன்னிரண்டரைக்கு ஊரிலிருந்து ஃபோன் வந்தால் வயிற்றைக் கலக்கும். வெளிநாட்டில் குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் தெரிந்த கலக்கம்தான். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி எடுத்தால், என் சித்தி பெண்.

"அக்கா, பயப்படாதே. எல்லாரும் நல்லா இருக்கோம். எனக்குத்தான் பால் வத்திப் போற மாதிரி இருக்கு" என்றாள்.

இங்கே நியூ ஜெர்சியில் பாதி ராத்திரி என்றால் அங்கே காலை பதினோரு மணி. அவளுக்கு வீடு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். வேலை வொயிட்ஃபீல்டில். ஆஃபீஸ் பாத்ரூமில் நின்றுகொண்டு பேசினாள். குழந்தைக்கு இப்போதுதான் ஐந்து மாதம் முடிந்திருக்கிறது. 26 வார லீவில் 6 வாரம் பிரசவத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. மிச்சம் 20 வாரம் முடிந்து வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். முதல் வாரம் ஆஃபீஸில் பம்ப் வைத்து மூன்று தடவையாக 300 மில்லி எடுத்தாளாம். இப்போது 150 வந்தால் பெரிசு.

"மீட்டிங்குக்கு நடுவுல ஒரு தடவைதான் எடுக்க முடியுது. அதுவும் இந்தப் பாத்ரூம்ல. ஒருவேளை என்னுது பால் பத்தாத உடம்போ என்னவோ?"

அந்தக் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. இதே வரியை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், என் அம்மா வாயிலிருந்து. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அம்மா தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் இது உடம்புக் கோளாறா, வேறு எதன் கோளாறா என்று கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். இந்தப் பதிவு அதன் விளைவு. கொஞ்சம் நீளம். பொறுத்தருள்க.

முதலில் உடம்புச் சமாச்சாரம். பால் சுரப்பது கிணறு ஊறுகிற மாதிரி. இறைக்க இறைக்க ஊறும். பிரசவமான முதல் சில நாட்களில் ஹார்மோன்களே தள்ளிவிடும். அதற்கப்புறம், எவ்வளவு பால் வெளியே போகிறது என்பதுதான் எவ்வளவு சுரக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. பால் கட்டிக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே நின்றால், 'இவ்வளவு தேவையில்லை போல' என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பாலை மட்டும் குடிக்கிற குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி சுற்றிக் குடிக்கும். வேலைக்குப் போகிற அம்மா பத்து மணி நேரம் வெளியே இருந்தால், அந்த நேரத்தில் குழந்தை மூன்று தடவையாவது குடித்திருக்கும். அந்த மூன்று தடவையும் பால் வெளியே வந்தால் கணக்கு நேர். ஒரு தடவைதான் வந்தது என்றால் இரண்டே வாரத்தில் உடம்பு கணக்கை மாற்றி எழுதிவிடும்.

அப்படியானால் பத்தாமல் போனது பால் இல்லை, நேரம். சரி, நேரத்தை யார் எடுத்துக்கொண்டார்கள்?

அம்மா கதைக்கு வருகிறேன். நான் பிறந்தது 1976-ல். அல்சூரில் தொடங்கி கே.ஆர்.புரம் வழியாக கோலார் பக்கம் போகும் பழைய மெட்ராஸ் ரோட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையில் அம்மாவுக்கு அசெம்ப்ளி வேலை. சுதந்திரத்தை ஒட்டி பெங்களூரில் பெரிய பெரிய தொழிற்சாலைகள் வந்தன. 1940-ல் எச்.ஏ.எல்., 1948-ல் ஐ.டி.ஐ., 1953-ல் எச்.எம்.டி., 1954-ல் பி.இ.எல். அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்னத் தொழிற்சாலைகளும் முளைத்தன. அல்சூர் தமிழ்க் குடும்பங்களில் படித்த பெண்களும் இந்தக் காலத்தில் சம்பளக் கவர் வாங்கினார்கள்.

அப்போது பிரசவ லீவு 12 வாரம். முன்னால் 6, பின்னால் 6. ஆக, நான் பிறந்த நாற்பத்து மூன்றாம் நாள் அம்மா டிஃபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியாக வேண்டும். பதினோரு மணிக்குப் பால் கட்டும். புடவை நனையும். பாத்ரூமில் போய்ப் பீய்ச்சிவிட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். பீய்ச்சிய பால் சாக்கடைக்கு. அதே நேரத்தில் வீட்டில் எனக்கு டின் பவுடர். நாலு நாளில் அம்மாவுக்குக் காய்ச்சல், மார்பெல்லாம் கல்லு மாதிரி.

பாட்டி பார்த்தார். பஜார் தெருவில் குண்டுமல்லிச் சரம் வாங்கி வந்து அம்மாவின் மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்ற வைக்க நம் பக்கத்தில் காலங்காலமாகச் செய்கிற வைத்தியம் அது. இது வெறும் பாட்டி வைத்தியமாக நின்றுவிடவில்லை. பால் நிறுத்த வேண்டிய தாய்மார்களுக்கு மல்லிகைப் பூ ஒரு பக்கம், புரோமோகிரிப்டின் மாத்திரை ஒரு பக்கம் என்று ஒப்பிட்டு ஓர் ஆய்வு 1988-ல் மருத்துவ இதழில் வெளியானது. செய்தவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள். பாலை நிறுத்துவதில் மாத்திரைக்குப் பூ சளைக்கவில்லை என்பது முடிவு. புரோலாக்டின் என்ற பால் ஹார்மோன் இரண்டு பக்கமும் இறங்கியிருந்தது.

எனக்கு அந்த ஆய்வைப் படித்தபோது பூ வைத்தியம் பலித்ததில் சந்தோஷம் வரவில்லை. அம்மாவுக்குப் பால் இருந்தது. நனைகிற அளவுக்கு இருந்தது. வேலைக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பூ வைத்து வற்ற அடித்தோம். கொஞ்ச வருஷம் கழிந்ததும் எல்லோருமே அதை மறந்துவிட்டு, 'அவளுக்குப் பால் பத்தல' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அம்மாவும் அதையே நம்பிவிட்டார்.

இன்னும் பின்னால் போனேன். அல்சூர் கிராமமும் சோமேஸ்வரர் கோவிலும் பழசு. ஆனால் தமிழர்கள் கூட்டமாக வந்தது வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. 1809 வாக்கில் அல்சூரை ஒட்டி கன்டோன்மென்ட் உருவானது. மெட்ராஸ் பட்டாளத்தோடு சிப்பாய், கான்ட்ராக்டர், வண்ணார், தோட்டக்காரர், சமையல்காரர் எல்லோரும் வந்தார்கள். பங்களா வேலைக்குப் பெண்களும் வந்தார்கள். ஆயா என்ற சொல் நமக்குத் தெரியும். 'ஆமா' என்று இன்னொரு சொல் உண்டு. யூலும் பர்னெலும் தொகுத்து 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்கு அர்த்தம் பாலூட்டும் செவிலி. மெட்ராஸ், பம்பாய் பக்கம் புழங்கிய சொல், போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறார்கள். பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், இந்தப் பக்கத்து வழக்கெல்லாம் அறிந்தவர்.

பிரிட்டிஷ் இந்தியாவில் துரைசானிக்குப் பால் இல்லை என்றாலோ கொடுக்க விருப்பமில்லை என்றாலோ, பிள்ளை பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருத்தியைச் சம்பளத்துக்கு அமர்த்துவார்கள். அவள் பால் பங்களாக் குழந்தைக்கு. அவள் பெற்ற குழந்தை எங்கேயோ யாரிடமோ. பிள்ளை பெற்றதும் வேலைக்குப் போன பெண்ணின் கதை இங்கிருந்தே தொடங்குகிறது. அவளுக்குப் பால் பத்தாமல் இல்லை. அவளுடைய பாலையே வேலையாக்கி விட்டார்கள்.

இதே காலத்தில் நம் ஆட்கள் கப்பலேறிப் போன இடங்களிலும் இதே சிக்கல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் 'பிள்ளை மடுவம்' என்பார்கள். மலாயா ரப்பர் தோட்டத்தில் 'ஆயாக் கொட்டகை'. அம்மா கொழுந்து பறிக்கவோ பால் வெட்டவோ போகும்போது குழந்தையைத் தூளியில் விட்டுவிட்டுப் போகிற இடம். (ரப்பர் மரத்தில் வடிவதற்கும் பால் என்றுதான் பெயர். அந்தப் பாலை விடியும் முன்னே போய் வெட்டினால்தான் நன்றாக வடியும். அதற்காக இந்தப் பால் காத்திருக்க வேண்டும்.) கைக்குழந்தைக்காரிகள் இடைவேளையில் மடுவத்துக்கு ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏறுவார்கள். அந்த வாழ்க்கையை அழகாக்கிச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். குழந்தை இருந்தது ஓடிப்போய் எடுக்கிற தூரத்தில்.

ஓட முடியாத இடங்களில் டின் பால் வந்தது. 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பூட்டிய டின் பாலைக் கொடுத்துக் குழந்தைகள் சாவதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்றார். டின் பால் விளம்பரத்துக்குக் கடிவாளம் போட உலகச் சுகாதார நிறுவனத்துக்கு 1981 வரை ஆனது. இந்தியாவில் அதற்கான சட்டம் வந்தது 1992-ல்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1919-ல் வாஷிங்டனில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு. அங்கே ஒரு தாய்மை ஒப்பந்தம் எழுதினார்கள். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் லீவு. பால் கொடுக்கிற அம்மாவுக்கு வேலை நேரத்தில் தினமும் அரை அரை மணி நேரம் இரண்டு தடவை. இந்தியத் தொழிலாளர்கள் சார்பில் அந்த மாநாட்டுக்குப் போனவர் என்.எம்.ஜோஷி. ஊருக்கு வந்து 1924-ல் மத்திய சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். தோற்றது. 1928-ல் பம்பாய் சட்டசபையில் வந்த மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். பிரசவத்தை ஒட்டித் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நல்லது, அவள் உழைப்பால் லாபம் பார்க்கிற முதலாளியும் அந்தச் செலவில் பங்கெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929-ல் அது பம்பாயில் சட்டமானது. மெட்ராஸ் மாகாணத்தின் சட்டம் 1934-ஆம் வருஷத்தது. நாடு முழுமைக்குமான மகப்பேறு நலச் சட்டம் 1961-ல்தான்.

1961 சட்டத்தின் 11-வது பிரிவைத் தேடிப் படித்தேன். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை. அம்மாவுக்கும் இந்த உரிமை இருந்தது! 1976-ல் அவருக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் என்ன செய்திருப்பார் என்பதுதான் அடுத்த விஷயம்.

இடைவேளை எவ்வளவு நேரம் என்பதை விதிகளுக்கு விட்டுவிட்டார்கள். சுரங்கப் பெண்களுக்காக 1963-ல் போட்ட மத்திய விதி சொல்வது: ஒவ்வொரு இடைவேளையும் 15 நிமிஷம். குழந்தைகளை விட்டிருக்கும் இடம் பக்கத்தில் இல்லை என்றால், போய்வரக் கூடுதலாக 5 நிமிஷத்துக்குக் குறையாமல், 15 நிமிஷத்துக்கு மிகாமல்.

இந்த ஒரு வரிதான் எனக்கு எல்லாவற்றையும் விளக்கியது. சட்டம் எழுதியவர் மனசில் ஒரு படம் இருந்திருக்கிறது. அந்தப் படத்தில் குழந்தை, வேலை நடக்கிற இடத்திலிருந்து ஏழெட்டு நிமிஷ நடையில் இருக்கிறது. மடுவத்தில், கொட்டகையில், தொழிற்சாலை கிரெச்சில். (1948 தொழிற்சாலைச் சட்டத்தில் கிரெச் கட்டாயம் உண்டு. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் என்று இருந்ததை 1976-ல் 30 ஆக்கினார்கள். சின்னத் தொழிற்சாலை அந்தக் கணக்குக்குள் வராது.) அம்மா நடந்து போவாள், கொடுப்பாள், நடந்து வருவாள். என் அம்மாவுக்கோ குழந்தை பஸ்ஸில் போகிற தூரத்தில். 15 நிமிஷ இடைவேளையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக்கூடப் போய்ச் சேர முடியாது.

என் சித்தி பெண் இன்று போவதும் ஏறக்குறைய அதே பாதைதான், மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவே. அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் 2011-ல் திறந்தது. 2023 அக்டோபரிலிருந்து அங்கே ஏறினால் மாறாமல் வொயிட்ஃபீல்ட் வரை போகலாம். வீட்டு வாசலிலிருந்து சீட் வரை அவளுக்கு ஒரு மணி நேரம்.

குழந்தைக்கும் வேலைக்கும் நடுவே இந்தத் தூரம் விழுந்ததும்தான் பம்புக்கு வேலை வந்தது. பம்ப் ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் ஆர்வெல் நீதம் என்பவர் 1854-லேயே பேட்டன்ட் வாங்கிவிட்டார். 1920-களில் எட்வர்ட் லாஸ்கர் என்ற செஸ் மாஸ்டர் மின்சாரத்தில் ஓடும் ஒன்றைச் செய்தார். செஸ்ஸில் கிடைக்காத காசு அவருக்குப் பம்பில் கிடைத்தது :-) ஸ்வீடன் எஞ்சினியர் ஐனார் எக்னெல் 1950-களில் வலிக்காமல் உறிஞ்சும் பம்பை உருவாக்கினார். அதெல்லாம் ஆஸ்பத்திரிச் சாமான், குறைமாதக் குழந்தைகளுக்காக. தோளில் மாட்டிக்கொண்டு ஆஃபீஸுக்குப் போகிற பம்ப் 1990-களில்தான் வந்தது.

அது அமெரிக்காவில் பிய்த்துக்கொண்டு போனதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே நாடு முழுமைக்குமான சம்பளத்தோடு கூடிய பிரசவ லீவு இன்றைக்கும் கிடையாது. 1993 சட்டப்படி 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் எல்லோருக்கும் இல்லை. நானே 2006-ல் எட்டாவது வாரம் பம்பைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். பழைய மானிட்டர்கள் அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமில், கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து எடுப்பேன். 2010-ல் வந்த சட்டம்தான் பம்ப் செய்ய நேரமும், பாத்ரூம் அல்லாத மறைவான இடமும் தர வேண்டும் என்றது. 2022 டிசம்பரில் அதை இன்னும் நிறையப் பேருக்கு விரித்தார்கள். பம்புக்கு இன்ஷூரன்ஸும் உண்டு. சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்கா அம்மாவுக்கு லீவு தர மனசில்லாமல் பம்பைக் கொடுத்தது.

இந்தியா தலைகீழ். 2017-ல் லீவை 26 வாரமாக்கினார்கள் (முதல் இரண்டு குழந்தைகளுக்கு). 50 பேர் வேலை செய்கிற இடத்தில் கிரெச், அங்கே ஒரு நாளைக்கு நாலு தடவை போய்வரலாம். நிஜமாகவே பெரிய விஷயம். 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1961 சட்டம் அதற்குள் போய்விட்டது. 26 வாரமும் கிரெச்சும் இருக்கின்றன. இரண்டு இடைவேளை, 15 மாதம் என்பதும் இருக்கிறது. இதில் குழந்தையைக் கூடவே கொண்டு வராத அம்மாவுக்கு ஒரு கதவு, ஒரு தாழ்ப்பாள், ஒரு ப்ளக் பாயின்ட் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நெரிசலில் ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யார் வொயிட்ஃபீல்ட் போவார்கள்? தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறை கட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் முடிந்தது கண்ணாடிக் கட்டடத்தில் முடியாதா?

மறுநாள் அவளைக் கூப்பிட்டேன். டாக்டர் இல்லை நான், பட்டவள் என்ற முறையில் சொன்னது இது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஆஃபீஸில் மூன்று வேளை, பத்து நிமிஷமானாலும் எடு. ஒரேயடியாக அரை மணி உட்காருவதை விட அடிக்கடி எடுப்பது முக்கியம். மெஷின் நின்றதும் இரண்டு நிமிஷம் கையால் பீய்ச்சு. கிளம்பும் முன்பும் வீட்டுக்கு வந்த கையோடும் குழந்தைக்கு நேராகக் கொடு. ராத்திரிப் பாலை நிறுத்தாதே, புரோலாக்டின் ராத்திரியில்தான் ஏறும். எடுத்த பால் 25 டிகிரி வரை வெளியே 4 மணி நேரம் தாங்கும், ஐஸ் பையோடு கூலரில் 24 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள். அத்தை சுறாப் புட்டும் பூண்டும் கொடுத்தால் சாப்பிடு, நல்ல சாப்பாடு. ஆனால் எடுக்காத பாலைச் சுறா கொண்டுவராது.

அப்புறம் ஒன்று. 'இரண்டு இடைவேளை என் உரிமை, அதை எடுத்துக்கொள்ளப் பாத்ரூம் அல்லாத ஒரு அறை வேண்டும்' என்று ஹெச்.ஆருக்கு எழுது என்றேன். தயங்கினாள். "என்னைத் தவிர இங்க யாரும் கேக்கலியே அக்கா." யாரும் கேட்கவில்லை என்றால் யாருக்கும் தேவையில்லை என்று அர்த்தமா? அந்த மாடியில் இன்னும் எத்தனை பேர் பாத்ரூமில் நிற்கிறார்களோ.

எழுதினாள். நாலாவது மாடியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த சின்ன மீட்டிங் ரூமைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் பேப்பர் ஒட்டியாயிற்று. பால் 220 வரை ஏறியிருக்கிறது. இன்னும் இரண்டு பேர் அந்த அறைக்கு வருகிறார்களாம். அவர்களும் இவ்வளவு நாள் பாத்ரூமில்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது இவ்வளவையும் சொன்னேன். வேலூர் ஆய்வு, 11-வது பிரிவு, எல்லாம். "உங்களுக்குப் பால் பத்தாம இல்லம்மா. வேணும்ங்கற அளவுக்கு இருந்தது. நாமதான் பூ வெச்சு நிறுத்தினோம்" என்றேன்.

கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அன்னிக்கு ரெண்டு முழம் வாங்கினோம்டி. குண்டுமல்லி. அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்தப் பூவைத் தலையில வைக்கப் பிடிக்கல" என்றார்.

இத்தனை வருஷத்தில் இதை அம்மா சொல்லிக் கேட்டதே இல்லை.